கீமோ வார்டுக்கு மாற்றுகிறார்கள், போகலாமா?

கேள்வி:

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நாகர்கோவிலில் ஜிஎன்எம் (நர்ஸிங் டிப்ளமோ) முடித்துவிட்டு, மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரல் வார்டில் வேலை பார்க்கிறேன். இப்போது எங்கள் மருத்துவமனையில் புதிதாகக் கீமோ டே-கேர், அதாவது கேன்சர் மருந்தை ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்புகிற பிரிவு, திறக்கிறார்கள். மேட்ரன் என்னை அங்கே போகச் சொல்கிறார். "அந்த மருந்துக் காத்தே ஆகாது, நீ இன்னும் பிள்ளை பெத்துக்கணும்" என்று மாமியார் பயப்படுகிறார். கணவரோ, "டிரிப் போடுறதுக்கு எந்த வார்டா இருந்தா என்ன, எதுக்கு வம்பு?" என்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஏற்றுவதைத் தாண்டி, கேன்சரில் நர்ஸுக்கு என்ன வேலை இருக்கிறது?

இன்னொன்று. நான் நர்ஸ் என்பதால் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) உள்ள பெண்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை நிறுத்தி, கட்டி இருக்கிறது, வெள்ளைப்படுகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். எதையாவது சொல்லி அது தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று நழுவிவிடுகிறேன். நான் செய்வது சரியா?

(பெயர் வேண்டாம், மும்பை)

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

போங்கள். ஆனால் நாளைக்கே தலையாட்டிவிட வேண்டாம். மேட்ரனிடம் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் வந்த பிறகு போங்கள். பரேல் பக்கம் பல வருடம் கேன்சர் வார்டில் இருந்தவள், பிறகு நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமியாரின் பயம். நோயாளியைத் தொட்டால், பக்கத்தில் உட்கார்ந்தால் கேன்சர் ஒட்டிக்கொள்ளாது. இதை வீட்டில் அடித்துச் சொல்லலாம். வெளியிலிருந்து மெஷினில் கரண்ட் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உடம்பிலும் கதிர்வீச்சு தங்காது. தைராய்டு கேன்சருக்கு அயோடின்-131 குடித்தவர்கள் கதை வேறு. அவர்களைத் தனி அறையில் வைப்பார்கள், உங்கள் டே-கேருக்கு வரமாட்டார்கள்.

ஆனால் மருந்து விஷயத்தில் மாமியார் சொல்வது மூடநம்பிக்கை இல்லை. கீமோ மருந்துகளில் பல கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. தோல் வழியாகவும், கலக்கும்போது எழும் நுண்ணிய துளிகள் வழியாகவும் நம் உடம்புக்குள் போகும். அதனால் உங்கள் முதல் கேள்வி: மருந்தை யார், எங்கே கலக்கிறார்கள்? அதற்கென்று பயோசேஃப்டி கேபினெட், அதாவது மருந்துத் துளி வெளியே வராமல் காற்றை வடிகட்டுகிற பெட்டி, இருக்க வேண்டும். ஃபேன் சுழலும் நர்ஸிங் கவுன்டரில் மருந்துக் குப்பியை உடைத்துக் கலக்கச் சொன்னால், மறுக்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. இரட்டைக் கையுறை, கவுன், கண்ணாடி உண்டா? மருந்து தரையில் கொட்டிவிட்டால் துடைக்க ஸ்பில் கிட் உண்டா? மிச்ச மருந்தும் குழாயும் சைட்டோடாக்ஸிக் (செல்லைக் கொல்லும் மருந்து) என்ற லேபிள் ஒட்டிய மஞ்சள் பையில் போகிறதா, சாதாரணக் குப்பையில் போகிறதா? 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி அந்தக் கழிவை எரிக்க 1200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்; அவ்வளவு முரட்டு மருந்து அது. கடைசியாக, கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், பால் கொடுப்பவர்களுக்கும், பிள்ளைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கும் மருந்தைக் கையாளாத வேறு வேலை தருவார்களா? இதை எழுத்தில் வாங்குங்கள். "மாஸ்க் போட்டுக்கோங்க, அது போதும்" என்று பதில் வந்தால் அந்த டே-கேர் இன்னும் திறக்கத் தயாராகவில்லை என்று அர்த்தம்.

நோயாளியின் சிறுநீர், வாந்தி ஆகியவற்றிலும் கீமோ முடிந்து சுமார் 48 மணி நேரம் வரை மருந்து இருக்கும். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். இதை வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்கிற மனைவிக்கும் மருமகளுக்கும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

அடுத்து உங்கள் கணவரின் 'டிரிப்'. ஜெனரல் வார்டில் டிரிப் கசிந்தால் கை வீங்கும், வேறு இடத்தில் போடுவோம், முடிந்தது. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து கசிந்தால் சதையே வெந்து போகும். சிவப்பாக இருக்கிற அந்த மருந்தை ஏற்றும்போது நர்ஸ் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. கண், ஊசி போட்ட இடத்தில் இருக்க வேண்டும்; காது, நோயாளி சொல்வதில். "சுருக்குன்னு இருக்கு சிஸ்டர்" என்றால் உடனே நிறுத்த வேண்டும். பதறிப்போய் ஊசியைப் பிடுங்காமல், அதே வழியாக முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட வேண்டும். டாக்ஸோரூபிசினுக்கு ஐஸ் ஒத்தடம்; வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்கு வெந்நீர் ஒத்தடம். மாற்றிக் கொடுத்தால் சேதம் கூடும். அந்த வின்கிரிஸ்டின் இன்னொரு விதத்திலும் பொல்லாதது. ரத்தக்குழாயில் போக வேண்டிய அது தவறி முதுகுத்தண்டில் போனால் உயிர் போய்விடும். அதனால்தான் அதைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் கலந்து தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிரிஞ்சில் வந்தால் திருப்பி அனுப்புவது உங்கள் வேலை, எழுதியவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சரி.

இதெல்லாம் நோயாளி நாற்காலியில் இருக்கிற நேரம். அவர் வீட்டுக்குப் போன பிறகு நடப்பதில்தான் நர்ஸின் வேலை கடந்த சில வருடங்களில் ரொம்ப மாறியிருக்கிறது. முன்பு கீமோவுக்கே அட்மிஷன் போட்டு நாள்கணக்கில் படுக்க வைத்திருந்தோம். இப்போது பாதிப்பேர் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். வாந்தி, வாய்ப்புண், காய்ச்சல் எல்லாம் வருவது வீட்டில். கீமோ போட்டு 7 முதல் 14 நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அவசரம். ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பி வர வேண்டும். ஆனால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? பாரசிட்டமால் போட்டு, நெற்றியில் துணி போட்டு, காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைப்போம். பாரசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே பரவிக்கொண்டிருக்கும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்காமல் ஒருவரையும் அனுப்பாதீர்கள். சொன்ன பிறகு, "சரி, ராத்திரி காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று திருப்பிக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டால்தான் நாம் சொன்னதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தாலே விரல் மின்சாரம் பாய்ந்தது போல் சுரீர் என்று இழுக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஹார்ட் அட்டாக் என்று நினைத்துக் குடும்பமே ஓடி வரும்.

இங்கே உங்களிடம் இருக்கிற ஒரு சொத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: நீங்கள் தமிழ் பேசுகிறீர்கள். மும்பை மருத்துவமனையில் நம் ஊர் அம்மா ஒருவர் வந்தால் என்ன நடக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். டாக்டர் இந்தியில் கேட்கிறார். மகன் தமிழில் கேட்கிறான், அதுவும் பாதியைத்தான். மார்பு, மாதவிடாய், வெள்ளைப்படுதல் என்று வரும்போது அவனுக்கு வாய் வராது. அம்மாவும் அவன் முன்னால் சொல்லமாட்டார். "எல்லாம் நார்மல்தான் டாக்டர்" என்று அவனாகவே ஒரு பதிலைப் போட்டுவிடுவான். கேஸ் பேப்பரில் அது உண்மையாகப் பதிவாகிவிடும். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, திரையை இழுத்து, நீங்கள் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் கேஸ் பேப்பரில் இல்லாத மூன்று விஷயம் வெளியே வரும்.

அப்புறம் அந்த வழக்கமான வேண்டுகோள் வரும். "அம்மாகிட்ட என்னன்னு சொல்லிடாதீங்க சிஸ்டர், சாதாரண கட்டின்னுதான் சொல்லியிருக்கோம்." நோயின் பெயரை உடைத்துச் சொல்வது டாக்டரின் பொறுப்பு, நீங்கள் தனியாக முந்திக்கொள்ள வேண்டாம். ஆனால் பொய்க்கும் துணை போகாதீர்கள். அம்மாவிடமே, "உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்ட சொல்லட்டுமா, பையன்கிட்ட சொன்னா போதுமா?" என்று கேட்கலாம். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேருக்கு முன்பே தெரிந்திருக்கும். பிள்ளைகள் மனசு நோகக் கூடாது என்று அவர்கள் நடிக்கிறார்கள், அம்மா மனசு நோகக் கூடாது என்று பிள்ளைகள் நடிக்கிறார்கள். பதிலை டாக்டரிடம் கொண்டுபோய், மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச ஏற்பாடு செய்யுங்கள்.

நம்மவர்களுக்கென்று இன்னொரு பழக்கம் உண்டு. இரண்டு கீமோ முடிந்ததும், "ஊருக்குப் போய் அடையாறுல பாத்துக்கறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். சென்னை அடையாறு கேன்சர் மருத்துவமனையில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கையில் பில்லை மட்டும் வைத்துக்கொண்டு போய் நின்றால் அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும், நடுவில் வாரங்கள் போகும். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனையாவது சுற்று, அடுத்தது எந்தத் தேதி என்று ஒரு தாளும், பயாப்ஸி பிளாக்கும் (கட்டியிலிருந்து சோதனைக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்த துண்டு) கையில் இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் போகிற கேன்சர் நோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். சான்றிதழ் படிவத்தை எங்கே வாங்குவது, ரேஷன் கார்டை வைத்து மகாராஷ்டிரா அரசின் மருத்துவக் காப்பீடான மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தில் எப்படிப் பதிவது என்று வழிகாட்டுவதற்கென்றே இப்போது 'நேவிகேட்டர்' என்று தனி வேலை வந்திருக்கிறது. மும்பையின் டாடா மெமோரியல் கேன்சர் மருத்துவமனை 2019-ல் கேவட் என்ற பெயரில் அதற்கு ஒரு படிப்பே தொடங்கியது. சில தனியார் இடங்களில் அதே பெயரை மார்க்கெட்டிங் ஆளுக்குச் சூட்டி, நோயாளியைப் பிடித்து வைக்கப் பயன்படுத்துவதும் நடக்கிறது. உங்களை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னால் என்ன வேலை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உகாண்டாவில் தனிப் பயிற்சி பெற்ற நர்ஸுகள், கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தை எழுதித் தர 2004-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இங்கே வலியில் துடிக்கிறவருக்கு மார்ஃபின் வேண்டும் என்று நமக்குத் தெரிந்தாலும் டாக்டரைத்தான் தேட வேண்டும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதி வைப்பதும், மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்கப்பட்டதா என்று பார்ப்பதும் நம் கையில்தான். மலச்சிக்கலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு வலியோடு கிடப்பவர்கள் எத்தனையோ பேர்.

சரி, தண்ணீர்க் குழாயடிக்கு வருவோம். நழுவுவது சரியில்லை, சிஸ்டர். ஏன் என்று சொல்கிறேன்.

2000-ல் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், கோளாறுள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அதே நாளில் உறைய வைக்கும் கிரையோதெரபி சிகிச்சையையும் நர்ஸுகளே செய்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் ஏற்பட்ட சாவு 35 சதவீதம் குறைவு. மும்பையிலும் 1998 முதல் டாடா மெமோரியல் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இப்படி ஓர் ஆய்வு நடத்தியது. இங்கே பரிசோதித்தவர்கள் நர்ஸுகள்கூட இல்லை. பத்தாவது படித்து, பயிற்சி எடுத்த உள்ளூர்ப் பெண்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் சாவு 31 சதவீதம் குறைந்தது. அதே பெண்கள் கையால் தடவிப் பார்த்த மார்பகப் பரிசோதனையின் முடிவு 2021-ல் வந்தது: 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. அதைவிட இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தாவது படித்த பெண்ணால் முடிந்தது ஜிஎன்எம் படித்த உங்களால் முடியாதா? அதற்காக வீட்டில் கட்டிலைப் போட்டுப் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்குப் பின்னால் பயிற்சியும், லேபும், அனுப்பி வைக்க ஒரு மருத்துவமனையும் இருந்தன. உங்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன காரியம். கேள்வி கேளுங்கள், பார்க்க முடிந்ததைப் பாருங்கள், அனுப்பி வையுங்கள்.

வெள்ளைப்படுதல் பெரும்பாலும் இயல்பானதாகவோ சாதாரண கிருமித் தொற்றாகவோதான் இருக்கும், பயமுறுத்த வேண்டாம். ஆனால் நாற்றத்தோடு ரத்தம் கலந்து வருகிறதா, வீட்டுக்காரரோடு சேர்ந்தால் ரத்தம் படுகிறதா, தீட்டு நின்று வருஷமான பிறகு மறுபடி உதிரம் தென்பட்டதா என்று கேளுங்கள். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மார்பில் கட்டி என்றால், "வலிக்குதா?" என்று கேட்டு, வலிக்கவில்லை என்றதும் நிம்மதியாகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. மார்புப் புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. தோல் குழிந்திருப்பது, காம்பு உள்ளே இழுத்திருப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது எல்லாம் காத்திருக்கிற விஷயமே இல்லை.

வாயை மறந்துவிடாதீர்கள். ஆண்கள் கைனி (மெல்லும் புகையிலை) போடுவது தெரியும். பெண்கள் காலையில் பல்லில் தேய்க்கிற மிஷ்ரி, அதாவது வறுத்த புகையிலைப் பொடி, பலர் கண்ணில் படுவதில்லை. இங்கே வந்து பழகிக்கொண்ட நம் பெண்களும் இருக்கிறார்கள். "நான் புகையிலை எல்லாம் போடறதில்ல" என்று சத்தியம் செய்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது பல்பொடி. அதனால் "புகையிலை உண்டா?" என்று கேட்காமல் "பல்லு எதுல தேய்க்கிறீங்க?" என்று கேளுங்கள். மொபைல் டார்ச்சை அடித்து, நாக்கை உயர்த்தச் சொல்லி அடியில் பாருங்கள், இரண்டு கன்னத்தின் உட்புறமும் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், அவர்களுடைய மூன்று விரலை அடுக்கி வைத்தால் நுழையாத அளவுக்கு வாய் இறுகியிருப்பது: இவற்றில் எது இருந்தாலும் அனுப்புங்கள். விட நினைக்கிறவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. புகையிலை பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். ஒன்பது முதல் பதினான்கு வயதுப் பெண்பிள்ளை இருக்கிற வீடானால் கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கிற எச்பிவி தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நோயின் பெயரை உங்கள் வாயால் சொல்லவே சொல்லாதீர்கள். "இது என்னன்னு நான் சொல்ல முடியாதுக்கா, ஆனா டாக்டர் பாத்தே ஆகணும். வியாழக்கிழமை எனக்கு ஆஃப், சயான் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்." இதில் தப்பாகப் போக எதுவும் இல்லை. பிறகு ரிப்போர்ட் வாங்கினார்களா என்று விசாரியுங்கள். பயாப்ஸி எடுத்துவிட்டு, பயத்தில் ரிப்போர்ட் வாங்கவே போகாத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசி குத்தியதாலேயே கட்டி பரவிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது தவறு என்று எடுத்துச் சொல்ல அந்தச் சாலில் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

படிப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஆன்காலஜி நர்ஸிங்கில் இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகரித்த ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. ஜிஎன்எம் போதும், பதிவும் ஓராண்டு வேலை அனுபவமும் வேண்டும். டாடா மெமோரியலிலும் அந்தப் படிப்பு உண்டு. டே-கேரில் கொஞ்ச காலம் இருந்து, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்; எல்லோராலும் இதில் நிலைக்க முடியாது, முடியாவிட்டால் அது ஒன்றும் குறையில்லை. மேட்ரனிடம் பேசும்போது படிப்புக்கு விடுப்பு தருவார்களா, திரும்பி வந்தால் சம்பளம் மாறுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். நாகர்கோவிலில் படித்தவர் என்கிறீர்கள். உங்கள் தமிழ்நாடு கவுன்சில் பதிவை மகாராஷ்டிரா கவுன்சிலுக்கு மாற்றியாகிவிட்டதா, புதுப்பித்தல் பாக்கி இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். விண்ணப்பம் போடுகிற நேரத்தில் அதற்காக இரண்டு ஊருக்கும் அலைய வேண்டாம்.